மூன்றாம் நாள் பறித்தோம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, கடிதம் என்றால் தபால் போய்ச் சேருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீதான் சொன்னாய். உன் பேச்சைக் கேட்டு நான் நடப்பது அபூர்வம். இந்த முறை நடக்கிறேன்.

காரியமாகத்தான் எழுதுகிறேன், ஒளிப்பானேன். எங்கள் அகராதி 'ப' எழுத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. இப்போது என் மேசைமேல் இருப்பது 'பறி' என்ற வினைச்சொல். சின்னச் சொல்தானே என்று எடுத்தேன். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

பூப் பறிக்கிறோம், காய் பறிக்கிறோம். சரி. களையை வேரோடு பறிக்கிறோம். அதுவும் சரி. ஆனால் வழிப்பறி என்கிறோம், உரிமையைப் பறித்தான் என்கிறோம், வேலை பறிபோனது என்கிறோம். செடியிடமிருந்து எடுப்பது முதலில் வந்ததா, மனிதரிடமிருந்து பிடுங்குவது முதலில் வந்ததா? மீன் பிடிக்கும் கூடைக்கும் பறி என்று ஒரு பெயர் இருக்கிறது. அது இந்தக் குடும்பமா வேறு குடும்பமா, தெரியாது. இதற்கெல்லாம் அப்பால் பழைய நூல்களில் 'பறிதல்' என்று ஒன்று வருகிறது. யாரும் பறிக்காமல் தானாகக் கழன்று வருவது. சுவரிலிருந்து ஆணி பறிந்தது என்பது போல. எனக்கென்னவோ இதுதான் மூத்த பொருள் என்று படுகிறது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் 'வலிந்து எடுத்தல்' என்பதைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார். சான்று இல்லாமல் அவரிடம் வாய் திறக்க முடியாது.

சான்று என்றால் என்னவென்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளங்கை அகல அட்டையில் ஒரு வாக்கியம். நாங்களாக ஜோடித்ததாக இருக்கக் கூடாது. யாரோ ஒருவர் நிஜமாகச் சொன்னதோ எழுதியதோ. கீழே அவர் என்ன தொழில், ஆணா பெண்ணா, என்ன தேதி. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகக் கட்டியதில்லை. எங்கள் அகராதிக்கு இருக்கிற ஒரே மரியாதை அதுதான்.

நீ பதினெட்டு வருடமாகப் பழத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறாய். பதினாலு பேர் உன் சொல் கேட்டு ஏணி ஏறி இறங்குகிறார்கள். உங்கள் வாயில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று எழுது. என்னைத் திருப்திப்படுத்த நல்ல தமிழில் எழுதாதே. உனக்கு வருகிற மாதிரி எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

நலம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம், அதாவது உன் மாப்பிள்ளையிடம், படித்துக் காட்டினேன். ஒரு சொல்லுக்கு இரண்டு வாரமா, இந்த வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

சொல்கிறேன், எழுதிக்கொள். எல்லாவற்றையும் பறிப்போம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடலையைப் பிடுங்குவோம். கீரையைக் கிள்ளுவோம் அல்லது அறுப்போம். சோளக்கதிரை ஒடிப்போம். கரும்பை வெட்டுவோம். பருத்தியைப் பறிப்பவர்களும் உண்டு, எடுப்பவர்களும் உண்டு. திராட்சைக்குக் கத்தரி வேண்டும், ஆகவே அதையும் வெட்டுவதுதான். இங்கே எங்கள் ஆப்பிளைத்தான் பறிக்கிறோம்.

எப்படிப் பறிப்பது என்று புது ஆளுக்கு நான் சொல்லித்தருவேன். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருப்ப வேண்டும். முற்றியிருந்தால் காம்போடு கையில் வந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். இழுத்தால் காம்பு பழத்திலேயே கிழியும், அடுத்த வருடத்து மொட்டும் கூடவே போகும். ஆக உன் தலைமையைவிட நீ சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தானாக வருவதுதான் முதல். இழுப்பதெல்லாம் அவசரத்தில் வந்தது.

அவசரம் என்றதும் இன்னொன்று. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் சொல்கிறேன். கீழ்த்தோட்டத்துக்குப் பதினாலாம் தேதி பூச்சிமருந்து அடித்தோம். அடித்தால் வரிசை முனையில் சிவப்புத் துணி கட்டுவோம். பதினாலு நாள் உள்ளே யாரும் இறங்கக் கூடாது என்று அர்த்தம். மருந்தடித்த மூன்றாம் நாளே லாரி வந்து நின்றது. சிவப்புத் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரிசை முழுவதையும் பறித்துவிட்டோம். மேலாளர் சொன்னார். துணியைப் பிடுங்கியது என் கை. பதிவேட்டில் மருந்தடித்த தேதியை ஒன்றாம் தேதி என்று மாற்றி எழுதியதும் என் கைதான்.

பாட்டுக்காரி என்று ஒருத்தி எங்கள் கூட்டத்தில் இருக்கிறாள். ஏணி மேல் ஏறினால் இறங்கும் வரை பாடிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அன்று சாயங்காலமே வாந்தி. நேற்று கையெல்லாம் தடித்துப்போய், மூச்சு வாங்குகிறது. ஒன்றும் இருக்காது, இல்லையா? நீ படித்தவள். நான் என்ன செய்யட்டும்? மேலாளரை எதிர்த்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார், வீடு தோட்டத்து வீடு. செய்யாமல் இருந்தால் சோறு இறங்கவில்லை. சொல்லு அக்கா. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

குண்டூசி

*

ஆகஸ்ட் 27

என் தங்கக் கட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று அலுவலகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் என் கையில் விழுந்ததில்லை. "சிவப்புத் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரிசை முழுவதையும் பறித்துவிட்டோம்." பிடுங்கு, பறி இரண்டும் ஒரே மூச்சில். இரண்டையும் ஒரே பொருள் என்று சொல்கிற அகராதிகளைப் பார்த்திருக்கிறேன். நீ யோசிக்காமலே வித்தியாசத்தைக் காட்டிவிட்டாய். துணியைப் பிடுங்கத்தான் முடியும், பறிக்க முடியாது. பழத்தைப் பறிக்கலாம். பொருள் விளங்கட்டும் என்று 'மருந்தடித்த மூன்றாம் நாளே லாரி வந்து நின்றது' என்ற முந்தைய வரியையும் அட்டையில் சேர்த்துக்கொண்டேன்.

தலைமை அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதுக்கு மேல நான் என்ன சொல்ல? உங்க வரிசைப்படியே போடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து இதைக் கேட்க வேறு யாராவது பிறந்து வரவேண்டும். பறிதல் முதலில், செடியிலிருந்து எடுத்தல் இரண்டாவது, வலிந்து எடுத்தல் மூன்றாவது. காம்பு கிழிவதைப் பற்றி நீ எழுதியதற்குத் தனி அட்டை.

மெய்ப்பும் அட்டைகளும் விவசாயச் சொற்களைச் சரிபார்க்கும் பேராசிரியருக்குப் போய்விட்டன. ஓய்வு பெற்றவர், கறாரான மனிதர். 'பழத்தோட்ட மேற்பார்வையாளர், பெண், கடிதம், ஆகஸ்ட் 19' என்பது என் தங்கைதான், இன்ன தோட்டம் என்று பெருமை தாங்காமல் அவருக்கு ஒரு குறிப்பும் எழுதினேன்.

சொன்னபடி கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

செப்டம்பர் 6

அக்கா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்றும் திருப்பிப் பார்த்தேன்.

ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஏழு வயது. மாடிப்படியில் உருண்டு வாயெல்லாம் ரத்தமாக உன்னிடம் ஓடி வந்து, "பல்லு உடைஞ்சிருச்சு" என்று அழுதேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "பல்லு இல்ல, பல்" என்றாய். அதற்குப் பிறகுதான் என் முகத்தையே பார்த்தாய். குடும்பத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பாட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மூக்கில் குழாய். நாலு வார்த்தை பேசினால் இரைக்கிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தீர்கள் என்று கேட்டார். மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "பதினாறு நாள்" என்றேன். அப்படியானால் மருந்து காரணம் இல்லை, பரம்பரை இரைப்பாக இருக்கும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் பரம்பரையில் யாருக்கும் இரைப்பு கிடையாது.

உன் அட்டை நன்றாக இருக்கட்டும்.

குண்டூசி

*

செப்டம்பர் 14

குண்டூசி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

அந்த வாக்கியத்தை நான் பத்து முறையாவது படித்திருப்பேன். அட்டையில் எழுதியபோது, தலைமையிடம் காட்டியபோது, மெய்ப்பில் திருத்தியபோது. ஒருமுறைகூட அதில் என்ன நடந்திருக்கிறது என்று படிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது என்று அடுத்த பத்தியில் எழுதியிருந்தாய். அந்தப் பத்தியில் எனக்கு வேண்டிய சொல் இல்லை, ஆகவே கண் தாண்டிப் போய்விட்டது. என் தொழிலில் இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கதை பார்க்காதே, சொல்லைப் பார் என்பார்கள். அதை நான் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தாமதமாகச் சொன்னாலும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் உண்மையைச் சொல். மேலாளர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல். வீடு போனால் இங்கே வாருங்கள். இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் அட்டைப் பெட்டிகள்தான், நகர்த்திவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டை இப்போது பேராசிரியரிடம் இருக்கிறது. அவர் பூச்சிமருந்து பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவர். மூன்றாம் நாள் என்பதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா என்று பயமாக இருக்கிறது. திருப்பி வாங்கிவிட ஆள் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

அக்டோபர் 3

அக்கா,

உன் ஆள் போவதற்குள் உன் பேராசிரியர் தன் வேலையைக் காட்டிவிட்டார். சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் உனக்கு எழுதிய வரி ஒரு தாளில் தட்டச்சாகி அவர்கள் கையில் இருந்தது. தேதி, தொழில், பெண் என்று சகலமும். என் பெயர் மட்டும்தான் இல்லை. இங்கே பெண் மேற்பார்வையாளர் என்று சொன்னால் அது நான் ஒருத்திதான்.

தரம் பிரிக்கும் கொட்டகையில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். மேலாளர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஆப்பிளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கூட்டம் பதினாலு பேரில் பதின்மூன்று பேர் பெட்டி அடுக்குவது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இது நீங்க எழுதினதாம்மா?" என்றார் பெரிய அதிகாரி. நான் சொன்னேன்: "இல்லீங்க. எங்கக்கா அகராதி எழுதறவ. வாக்கியம் வேணும்னு அவளே கட்டியிருப்பா."

அப்படிச் சொன்னேன் அக்கா. என் வாய்தான்.

அவர்கள் போனதும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். உன் அக்கா அதையே எழுத்தில் கொடுத்துவிட்டால் இது இத்தோடு முடிந்தது, இல்லாவிட்டால் நீயும் உன் புருஷனும் இந்த மாதக் கடைசியில் சாமானைக் கட்டலாம் என்றார். துணியைப் பிடுங்கியதும் தேதியை மாற்றியதும் என் கை, ஆகவே ஜெயிலுக்குப் போனாலும் போவது நான்தான் என்பதையும் நினைவுபடுத்தினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீ பார்த்து வைத்த வேலை இது. நீதான் முடித்துத் தரவேண்டும். அந்த வரி நீ ஜோடித்தது என்று எழுதிக் கொடு. அட்டையைக் கிழித்துப் போடு. கடிதத்தை ஏற்கெனவே கிழித்துவிட்டாய், பிறகு எங்கேயும் ஒன்றும் இருக்காது. உன் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது என்று மறுபடி எழுதாதே. எனக்கு இங்கே பதினெட்டு வருடம் இருக்கிறது.

என் வாழ்க்கையில் உன்னிடம் இது ஒன்றுதான் கேட்கிறேன்.

குண்டூசி

*

அக்டோபர் 11

அன்புள்ள குண்டூசிக்கு,

கேட்டதைச் செய்துவிட்டேன்.

நேற்றுக் காலை தலைமையின் அறைக்குப் போய், அந்த வாக்கியம் நானே கட்டியது என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது ஒண்ணுதானா?" என்றார். இது ஒன்றுதான் என்றேன். "ஒண்ணுதான்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

இனி என் கையெழுத்தில் இருக்கும் அட்டை எதுவும் செல்லாது. மூன்று அலமாரி. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒவ்வொன்றாக எடுத்து, சொன்னவரைத் தேடிப்பிடித்துச் சரிபார்க்கப் போகிறார்கள். அதுவரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 'பறி' இன்னொருவர் மேசைக்குப் போய்விட்டது. வலிந்து எடுத்தல் என்பதே முதலில் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்னவோ.

சுகாதாரத் துறைக்கும் கடிதம் போட்டாயிற்று. பேராசிரியரிடமிருந்து திரும்பி வந்த அட்டையைச் சமையலறையில் வைத்துக் கொளுத்தினேன். நல்ல தடித்த அட்டை, சட்டென்று பிடிக்கவில்லை. மூன்று தீக்குச்சி ஆனது.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் முழுவதும் அழுதேன். ஆனால் உனக்குப் பல் உடைந்த அன்று நான் முதலில் செய்திருக்க வேண்டியதை முப்பத்தைந்து வருடம் கழித்துச் செய்திருக்கிறேன் என்று ஒரு சமாதானம். பாட்டுக்காரி எப்படி இருக்கிறாள் என்று எழுது. அவளைப் பற்றித்தான் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அக்கா

*

அக்டோபர் 12

அக்கா,

இது அவசரம். என் போன கடிதத்தில் கேட்டதைச் செய்யாதே. செய்ய உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடு. போனில் கூப்பிட்டேன், அலுவலகத்தில் நீ இல்லை என்றார்கள், வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேலாளர் கொடுத்தனுப்பிய பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன், கேட்டுக்கொள். கூடையில் இருந்தது கீழ்த்தோட்டத்துப் பழம்தான். வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அக்கா, பதினாறு நாள்னு டாக்டர் எழுதியிருக்காராம். நான் ஏறினப்போ இலையெல்லாம் வெள்ளையா ஈரம் காயாம இருந்துச்சே. எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ? புத்தி கெட்டுப்போச்சோ?"

மூச்சு போனது போதாதென்று, தன் கண்ணையே சந்தேகப்படுகிறாள். அதையும் நான்தான் செய்தேன். விஷம் காயுமுன்னே பறிக்கச் சொன்னது மேலாளர், சரி. இதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை.

"உன் கண்ணு சரியாத்தான் இருக்கு. மூணாம் நாள்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அழுதாள். நிம்மதியில் அழுகிற மாதிரி இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் ஒரு வாரம் ஊரில் இல்லை. வந்ததும் சொல்லப் போகிறேன். சுகாதாரத் துறைக்கும் போகப் போகிறேன். வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், முதல் தடவை இல்லை என்றவள் நான்தானே. உன் அட்டை வேண்டும். ஆகஸ்ட் பத்தொன்பது என்று தேதி போட்டு, யாருக்கும் ஒரு வம்பும் வராத காலத்தில் எழுதியது அது ஒன்றுதான். பத்திரமாக வை. மாப்பிள்ளை முதலில் நமக்கேன் வம்பு என்றார். இப்போது சாமானைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

குண்டூசி

*

அக்டோபர் 19

குண்டூசி,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே சுகாதாரத் துறைக்கு ஓடினேன். நான் ஜோடித்தது என்று சொன்னதுதான் பொய், வாக்கியம் நிஜம் என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "முதல்ல நிஜம்னு வந்துச்சு. அப்புறம் நீங்களே பொய்னு எழுதிக் கொடுத்தீங்க. இப்ப மறுபடி நிஜம்ங்கறீங்க. அட்டை எங்கம்மா?" என்றார். எரித்துவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம். கோப்பை மூடி, கயிறு சுற்றி வைத்துவிட்டார்.

எல்லோரும் சொன்னதை வாங்கி வைத்துக் காப்பாற்றுவதுதான் என் வேலை. பதினாயிரம் பேருடைய வாக்கியத்தைக் காப்பாற்றினேன். என் தங்கையுடையதை முதலில் படிக்காமல் ஊருக்குக் காட்டினேன், பிறகு படித்துவிட்டுக் கொளுத்தினேன். இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

என்னால் இனி ஒன்றும் ஆகாது. நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 2

அக்காவுக்கு,

அழுதது போதும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படி. இந்த முறை எல்லாவற்றையும் படி.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் வந்த அன்று எனக்கும் ஆத்திரம்தான். எதை எரிக்கிறோம் என்று யோசிக்காத ஒரு படிப்பு என்ன படிப்பு என்று மாப்பிள்ளையிடம் கத்தினேன். அவர், "எரிக்கச் சொன்னது யாரு?" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கொட்டகைக்குப் பின்னால் கூட்டத்தைக் கூட்டினேன். அட்டை எரிந்துபோனால் என்ன, வாக்கியம் சொன்னவர்கள் எரிந்துபோகவில்லையே என்று தோன்றியது. பழப்பெட்டி அட்டையைக் கத்தரியால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன். உன் முறைதான். ஒருவருக்கு ஒரு அட்டை. அன்றைக்குப் பறித்ததைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அவரவர் வாய்க்கு வருகிற மாதிரி. நானாக எதையும் திருத்தவில்லை. கீழே தொழில், ஆணா பெண்ணா, தேதி. உன் விதியில் ஒன்றை மட்டும் மீறினேன். பெயர் போடச் சொன்னேன்.

பதின்மூன்று பேரில் ஐந்து பேர் முடியாது என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்களும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். எட்டுப் பேர் எழுதினார்கள். எழுதத் தெரியாத இரண்டு பேர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். ஒருவர், "துணி கட்டியிருந்துச்சு, மேஸ்திரியம்மா பிடுங்கினாங்க, நாங்க பறிச்சோம்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அப்படியே எழுதினேன்.

ஒன்பதாவது அட்டையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். "இலை ஈரமா இருந்தப்பவே பறிச்சேன்" என்பது அவளுடையது. டாக்டருக்கு அதையும் காட்டி, பதினாறு நாள் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் என்னை என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவளுக்குக் கொடுத்ததை எல்லாம் மாற்றியிருக்கிறார். முன்னைப்போல ஆகிவிடுவாளா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். இன்னும் பாடவில்லை. நாலு வார்த்தை இப்போது ஏழு எட்டு ஆகியிருக்கிறது.

நாளை சுகாதாரத் துறைக்குப் போகிறேன். சிவப்புத் துணியைத் தூக்கி எறியாமல் அலமாரியில் சுருட்டி வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. அதையும் கொண்டு போகிறேன். அங்கிருந்து நேராக எங்கே அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை சாமானோடு உன் வீட்டுக்கு வருவார். சமையல் அவருக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது.

ஒன்பது அட்டைகளுக்கும் நகல் எடுத்து உன் தலைமைக்கும் அனுப்பியிருக்கிறேன். நீ ஜோடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். நம்புவதும் நம்பாததும் அவர் பாடு. 'பறி' யார் மேசையில் இருந்தாலும் இருக்கட்டும். எந்தப் பொருள் முதலில் வரும் என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இப்போது அந்த மூன்றும் தெரியும்.

பத்தாவது அட்டை இதோடு இருக்கிறது. இதற்கு நகல் இல்லை. அதிகாரியிடம் கொடுக்கத்தான் எழுதினேன், ஆனால் அங்கே நான் நேரில் நின்றே சொல்லிக்கொள்வேன். இது உன்னிடம் இருக்கட்டும். கிழிக்காதே, எரிக்காதே, யாருக்கும் பெருமையாகக் காட்டாதே. படி.

உன் தங்கை

*

பறி
"மருந்தடித்த மூன்றாம் நாள் பறித்தோம். பறிக்கச் சொன்னது நான்."
பழத்தோட்ட மேற்பார்வையாளர், பெண். நவம்பர் 2.